ஜல்லி லாரிக்கு ரேஸ் கார் மூக்கு

13-2-1972
சோழவரத்தில் கார் ரேஸ். வெயிலில் ஐந்து மணி நேரம் நின்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும் கார்களைப் பார்த்தேன். வீட்டுக்கு வரும்போது கையில் ஓர் ஏர் பில்டர், ரேஸ் காரிலிருந்து கழற்றியது. உருண்டையாக, வெறும் கம்பி வலை, கண்ணாடி மாதிரி பளபளப்பு. "காத்து தாராளமா உள்ள போவும் சார், இன்ஜின் பறக்கும்" என்றான் விற்றவன். என் லாரி குவாரியிலிருந்து கருங்கல் ஜல்லி ஏற்றுகிறது. அது ஏன் பறக்க வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோதைநாயகி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன்னா, டீ வடிகட்டிக்கா இவ்வளவு தூரம் போயிட்டு வந்தேள்?"

விஞ்ஞானம் தெரியாத குடும்பம்.

15-2
டிரைவர் ஹனீப் பழவேற்காட்டுக்காரன். ஆறு வருஷமாக என் வண்டியை ஓட்டுகிறான். லாரியோடு வந்த பழைய பில்டரில் ஓர் எண்ணெய்க் கிண்ணம் உண்டு. உள்ளே போகும் தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். அதை அவன் நாள் தவறாமல் கழுவுவான், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

"ரேஸ் ரோட்டுல ஏது சாமி தூசி? நாம தூசியிலதான் சோறே துன்றோம். வேணாம், கழட்டாத."

முதலாளி என்பதற்கு என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை. அதனால் கழற்றினேன். புதியது குழாய் அளவுக்குச் சேரவில்லை. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன். மேல்நாட்டுப் பொறியியல், உள்ளூர் ரப்பர்.

16-2
என்ன உறுமல்! வண்டி தெருமுனைக்கு வரும்போதே கோதை காபிக்குப் பால் வைத்துவிடுகிறாள்.

4-3
கும்மிடிப்பூண்டி வரை நானும் போனேன். வழியில் ஒரு லாரியை முந்தினோம். "பாத்தியா?" என்றேன்.

"அது பஞ்சராயி நின்னுகினு இருந்துச்சு சாமி."

பொறாமை.

21-4
நீலமாகப் புகை. மேடு ஏறும்போது மூச்சிரைக்கிறது. இன்ஜின் ஆயில் ஊற்ற ஊற்றக் காணாமல் போகிறது. எங்கே போகிறது?

9-5
எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன் - என் மூளையின் உதவியால். குவாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆயிலை யாருக்கு விக்கறே ஹனீப்?" என்றேன்.

அவன் சாவியைப் பானட்டின் மேல் வைத்தான். சீட்டுக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

குற்றவாளிகள் இப்படித்தான் போவார்கள் என்று எழுதி வைக்கிறேன்.

10-5
வேறு ஒருவன் ஓட்டினான். இன்றும் ஆயில் குறைந்திருக்கிறது. முதல் நாளே திருடுவானா?

17-5
மெக்கானிக் அருணாச்சலம் இன்ஜினைப் பிரித்தார். பில்டரைத் தாண்டி, காற்று உள்ளே போகும் குழாயில் விரலை விட்டுத் துடைத்து என் உள்ளங்கையில் தேய்த்தார். விபூதி போல நைசான கல் பொடி.

"வலை கொசுவத்தான் தடுக்கும் சாமி. மூணு மாசமா பிஸ்டனுக்கு உப்புத்தாள் போட்டுக்கினு இருந்திருக்கீங்க. தேஞ்ச சந்துல ஆயில் மேல ஏறி எரிஞ்சி போவுது. அதான் நீலப் புகை."

ஆக, ஆயிலைத் தின்றது லாரி. அதற்குத் தின்னக் கற்றுக் கொடுத்தவன் நான். ஹனீப்—

கோதையிடம் சொன்னேன். அவள் கிண்டல் பண்ணவில்லை. பண்ணியிருக்கலாம்.

21-5
பழவேற்காடு. ஹனீப் மனைவி மெஹர்னிசா கதவைப் பாதி திறந்தாள். "திருடன் ஊட்டுக்கு இன்னாத்துக்கு சாமி வந்தீங்க?"

நின்றேன். அவள் பின்னாலிருந்து ஹனீப் வந்தான். அருணாச்சலம் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் தப்பு என்றேன்.

"இங்க இன்னாத்துக்கு சொல்ற? இங்க யாரும் என்னிய திருடன்னு சொல்லலியே. நாலு பேரு முன்னாடி குவாரில சொன்ன இல்ல? அங்க வந்து சொல்லு."

சரி என்றேன். பஸ்ஸில் வரும்போது, குவாரியில் சொல்ல வேண்டியதை நாலு விதமாக முணுமுணுத்துப் பார்த்தேன். பெருமாள் சந்நிதியில் ஆயிரம் பேருக்கு நடுவே நின்று உரக்கப் பிரபந்தம் சேவிக்கிற வம்சம் - நாலு டிரைவர்களுக்குப் பயம்.

24-5
சொன்னேன். கல் உடைக்கும் கிரஷர் ஓடிக்கொண்டிருந்ததால் முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்த வேண்டியதாயிற்று. "ஹனீப் திருடலை! நான்தான் முட்டாள்!" சரியாக அந்த நேரம் பார்த்து மிஷினை நிறுத்தினார்கள். குவாரி முழுக்கக் கேட்டது. எவனோ சிரித்தான். ஹனீப் சிரிக்கவில்லை. "சரி சாமி" என்றான். அவன் இப்போது ஓட்டும் லாரியில் ஏறிப் போய்விட்டான். அது என் லாரி இல்லை.

வருவான் என்று நினைத்திருந்தேனா? நினைத்திருந்தேன்.

30-6
பழைய பில்டரோடு இன்ஜின் தயார். டிரைவர்கள் யாரும் சேர மாட்டேன் என்கிறார்கள். என் புகழ் பரவிவிட்டது. நானே ஓட்டுகிறேன். கோதை தினமும் பெருமாளுக்கு ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றுகிறாள். எனக்காக இல்லையாம், எதிரே வருகிறவர்களுக்காகவாம்.

19-8
எளாவூர் செக்போஸ்ட். நீள வரிசை. எனக்குப் பின்னால் நின்ற லாரியிலிருந்து ஹனீப் இறங்கி வந்தான். என்னைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"டாப்பெட் லூசாயி டக்கு டக்குன்னு கத்துது. காதுல உழல?"

விழவில்லை என்றேன். என்னைக் கேட்காமலே பானட்டைத் திறந்தான். தலையை உள்ளே விட்டு எதையோ தட்டிப் பார்த்தான். பிறகு தலையை வெளியே எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"சின்ன ஸ்பேனர் குடு சாமி."

கொடுத்தேன்.