செம்புச் சுருளும் பன்னிரண்டு நத்தைகளும்

ஆவூர்,
நவம்பர் 22

அன்பு மகள் ஃபெமினாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி லியோ மூவரும் சுகம், நீயும் சுகம்தான் என்று நேற்று வீடியோவில் பார்த்தேன், கொஞ்சம் இளைத்திருக்கிறாய், கொச்சியில் அத்தனை மீனுக்கும் வேளை தவறாமல் தீனி போடுகிறவள் தானும் வேளைக்குச் சாப்பிட வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். சொல்லப்போகும் விஷயத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நான் கத்துவேன், அதனால்தான் எழுதி, அம்மா அனுப்பும் முறுக்குப் பார்சலுக்குள் வைக்கிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. கடல்நீர்த் தொட்டியில் விட்ட நத்தைகள் பன்னிரண்டும் செத்துப்போயின. காரணம் நான்தான்.

உன் காலேஜ் ஹேச்சரியில் முட்டையிலிருந்து நீயே வளர்த்த கோமாளி மீன் ஜோடியைக் கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறாய் என்று ஆவூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் அக்டோபர் முதல் வாரமே மூன்றடித் தொட்டியை நிறுத்தினேன். அடியில் வடிகட்டும் தொட்டி, நுரையோடு அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர், அலை கிளப்பும் மோட்டார் இரண்டு, லைட்டுக்கு டைமர், எல்லாம் நீ அனுப்பிய பட்டியல்படிதான் வாங்கினேன், ஒன்றைத் தவிர. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லரில் டைட்டானியம் சுருள்தான் இருக்க வேண்டும் என்று நீ நாலு தடவை சொன்னாய். இருபது வருஷமாக ஏசியும் ஃபிரிட்ஜும் பிரித்து மாட்டுகிறவனுக்கு நேற்றுப் பிறந்த பெண் சில்லர் சொல்லித் தருகிறாளே என்று நினைத்துவிட்டேன். சூட்டைக் கடத்தச் செம்பை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கீரனூரில் ஒரு வீட்டில் கழற்றிய பழைய ஏசியின் செம்புக் குழாயைச் சுத்தம் செய்து, சுருளாக வளைத்து, கேஸ் ஏற்றி, அடித்தொட்டிக்குள் இறக்கினேன். ஹாலில் முப்பத்திரண்டு டிகிரி, தொட்டியில் இருபத்தாறு. அரை டிகிரி ஏறி இறங்கவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், வேலை என்ற அளவில் அது சுத்தமான வேலை.

ஐந்து வாரம் தண்ணீர் ஓடி, மீனைக் கொல்லும் அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்தபிறகு, தண்ணீர் உயிருக்கு ஆகுமா என்று பார்க்க முதலில் நத்தை எட்டு விட்டேன். இரண்டே நாளில் எட்டும் தலைகீழாகக் கிடந்தன. என்னடா என்று அடித்தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினால் ஒரு வேளாங்கண்ணி மாதா மெடல் வருகிறது! உன் அம்மா வேலை. உன் மீனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறாள். தொட்டிக்குள் உலோகமே கூடாது என்று நீ சொன்னது அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது, அதுவும் அம்மாவைத் திட்டுவதற்காக மட்டும் வந்தது. இரண்டு நாள் திட்டினேன். பாதித் தண்ணீரை மாற்றி மறுபடி நாலு நத்தை விட்டேன். அதுவும் போயிற்று.

இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கும் ஆண்டிச்சாமி, என்னோடு படித்தவன், உனக்குத் தெரியும், கடை ஏசி சர்வீசுக்குப் போனபோது அவனிடம் புலம்பினேன். சுருள் எதில் செய்தாய் என்று கேட்டான், சொன்னேன். ஏன்டா மாப்ள, வயல்ல நத்த சாகணும்னா எங்கிட்ட மயில்துத்தம் வாங்கிட்டுப் போவாய்ங்க, அதுல இருக்கதும் செம்புதான்டா, நீ என்னடான்னா குழாயாவே எறக்கி வச்சுட்டு மாதாவக் கொற சொல்றியேன்னு கல்லாவில் தலை கவிழ்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து சுருளை வெளியே எடுத்தேன், மேலெல்லாம் பச்சை பூத்திருந்தது. திருச்சியிலிருந்து செம்பு பார்க்கும் டெஸ்ட் கிட் வரவழைத்துப் போட்டேன், நிறம் அட்டையில் கடைசிக் கட்டம் வரை போயிற்று. மெடல் வெறும் அலுமினியம், அதில் செம்பே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். ஏங்க, ரெண்டு நாளா மாதா மேல பழியப் போட்டீகளே, இப்ப ஒங்க செம்புக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைங்கன்னு சொல்லிவிட்டு முறுக்கு பிழியப் போய்விட்டாள். அவள் பேச்சு நியாயம் என்று நானே ஒப்புக்கொண்டேன். இது வீட்டில் பெரிய செய்தி.

இப்போது புதுத் திட்டம் கேள். மணல், கல் இரண்டும் செம்பைக் குடித்திருக்கும், கழுவிப் பிரயோசனமில்லை, தூக்கிப் போட்டாயிற்று. கண்ணாடித் தொட்டியை நீ சொல்லும் முறைப்படி கழுவுகிறேன். டைட்டானியம் சில்லர் ஆர்டர் போட்டுவிட்டேன், டிசம்பர் முதல் வாரம் வரும். கிளாம்ப், ஸ்குரூ எல்லாம் பிளாஸ்டிக். வீட்டு ஆர்ஓ தண்ணீரில் அறுபது டிடிஎஸ் காட்டுகிறது, அதற்குப் பின்னால் இன்னொரு வடிகட்டி மாட்டிப் பூஜ்யமாக்கிய பிறகுதான் உப்புக் கரைப்பேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் அலை மோட்டார் மட்டும் ஓடும், சில்லரை அதில் போட்டால் அரை மணிகூடத் தாங்காது. தொட்டி நிற்கும் மூலையில் தரை லேசாகச் சரிவு, ஸ்டாண்டுக்குக் கீழே ரப்பர் ஷீட் கொடுத்து மட்டம் பார்த்துவிட்டேன். ஸ்கிம்மர் சின்னதாகத் தோன்றுகிறது, ஒரு அளவு பெரிதாகப் போகலாமா, நீ சொல். இந்தத் தடவை நீ சொல்லாமல் ஒன்றும் வாங்க மாட்டேன். நீயும் அங்கே ஹேச்சரியில் தண்ணீருக்குள் கை விடும் முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடு. வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் சொட்டிப் போகும். மின்சாரத்தில் மட்டும் நான் சொல்வதை நம்பு.

அம்மோனியாவைத் தின்னும் பாட்டில் பாக்டீரியாவை ஊற்றினால் பத்து நாளில் தொட்டி ரெடி என்று விற்கிறவன் சொல்கிறான். கிறிஸ்துமஸுக்குச் சரியாக வரும். என் அவசரம் உனக்குத் தெரியும், பணம் கட்டப் போனை எடுத்தேவிட்டேன். பிறகு, அந்தக் குஞ்சுகள் கடுகு அளவு இருந்தபோது மணிக்கொருதரம் எழுந்து தீனி வைத்தேன் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது, போனைக் கீழே வைத்தேன். புதுத் தண்ணீர் ஆறு வாரம் ஓடட்டும். முதலில் நத்தை, அது ஒரு மாதம் உயிரோடு இருந்தால்தான் மீன். ஊரில் கேட்பவர்களுக்கு என் தப்பை நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி போலக் காப்பாராக, படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் வைப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். திருச்சி வண்டிக்கு டிக்கெட் இன்றே போடு, பிறகு வெயிட்டிங் லிஸ்டில் நிற்காதே. ஜோடி அங்கேயே, உன் சாரின் பொறுப்பில் இருக்கட்டும். மீன் வேண்டாம், நீ மட்டும் வா. வந்து, தண்ணீரை நீயே டெஸ்ட் செய்து பார்த்து, எப்போது கொண்டுவரலாம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சவரிநாதன்