தங்கத்தின்ரை பதிவுப் பேர்

என்ரை அருமை அப்பாவுக்கு,

அங்கை ரீவி இருக்கோ தெரியாது. இஞ்சை இப்ப ஒரு நிகழ்ச்சி போகுது. பேர்பெற்ற ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய் அவையின்ரை பரம்பரையைத் தேடிக் குடுக்கினம். நேற்று ஒரு சினிமா நடிகர் வந்தார். அவருக்கெண்டு பழைய பதிவேட்டை விரிச்சு வைச்சு, பக்கம் புரட்ட வெள்ளைக் கையுறை போட்ட ஆள் வேறை. ஒரு மணித்தியாலத்திலை, அதுவும் விளம்பரத்தோடை சேர்த்து, நாலு தலைமுறை!

எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. உவர் ஒரு நாளாவது பதிவுக் கந்தோர் வாங்கிலை குந்திக் காத்திருந்தவரோ? நான் சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாணத்துக்குமாய் மூண்டு வருசம் பஸ்ஸிலை அலைஞ்சன், ஒரேயொரு பேருக்காக.

உங்கடை அம்மாவின்ரை பதிவுப் பேர். உங்களைப் பெத்து மூண்டாம் மாதம் அவ செத்துப்போனா. உங்கடை தகப்பன், அப்பு, மறுகலியாணம் கட்டினாப் பிறகு அவவைப் பற்றிக் கதைக்கவேயில்லை. உங்கடை பிறப்பைப் பதியப் போன மாமாவும் வீட்டிலை கூப்பிடுற 'தங்கம்' எண்ட பேரையே குடுத்திட்டு வந்திட்டார். செத்த தாய்க்குச் செய்யிற சித்திராப் பறுவத்துக்கு ஐயர் பேர் கேக்கேக்கை, "தங்கம்... கூப்பிடுற பேர்தான் ஐயா தெரியும்" எண்டு தலையைக் குனிவியள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்தும், "எப்பிடியும் தேடி எடு தம்பி" எண்டுதானே சொன்னியள்?

நானும் விசரன் மாதிரித் தங்கத்தையே தேடினன். "ஊருக்குப் பத்துத் தங்கம், அண்ணை. உங்களுக்கு எது வேணும்?" எண்டு கந்தோர்க்காரர் பகிடி விட்டாங்கள். போன மாதம்தான் காணிப் பதிவுக் கந்தோரிலை புதுசா வேலைக்கு வந்த பிள்ளை ஒண்டு கேட்டுது: "ஆளை விடுங்கோ அண்ணை. அவவின்ரை சீதனக் காணிக்கு என்ன பேர்?"

"இலந்தையடி" எண்டன். அப்பு வித்துப்போட்டார் எண்டு நீங்கள் கடைசிமட்டும் புறுபுறுத்த காணியெல்லே.

அரை மணித்தியாலத்திலை சீதன உறுதிப் பத்திரம் வந்துது. அதிலை அப்புவின்ரை பேர், பக்கத்திலை கலியாணப் பொம்பிளையின்ரை பேர். விசாலாட்சி. அப்பா, உங்கடை அம்மாவின்ரை பேர் விசாலாட்சி!

அந்த நடிகர் அழேக்கை பக்கத்திலை தகப்பன் இருந்து முதுகைத் தடவினார். அதைத்தான் என்னாலை பாக்கேலாமல் போச்சு. குடுத்துவைச்ச மனுசன். எனக்குப் பேர் கிடைக்கேக்கை நீங்கள் போய் எட்டு மாதம். நான் ஆருக்குச் சொல்ல? பஸ் தரிப்பிலை நிண்டு அழுதன். ரெண்டு பஸ் என்னை விட்டிட்டுப் போச்சுது.

உங்களிலையும் எனக்குப் பொறாமைதான். அங்கை போன அண்டைக்கே அவவிட்டை நேரிலை கேட்டிருப்பியள், என்ன? நான்தான் இஞ்சை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தனான்.

பரவாயில்லை. வாற உங்கடை திவசத்திலை ஐயர் கேக்க முதலே அந்தப் பேரைச் சொல்லுவன். அடுத்த வீட்டு வளவுக்கும் கேக்கத்தக்கதாச் சொல்லுவன்.

இப்படிக்கு,
உங்கடை மகன்,
விசாலாட்சியின்ரை பேரன்.