முனியை நான் திருப்பி அடிக்கவில்லை

என் அன்பு மாப்பிள்ளை சின்னராசுக்கு,

அங்கே குளிர் எப்படி? கேத்தியில் இந்த வாரம் விழுந்த பனியில் என் பிக்கப் வண்டிக் கண்ணாடியே வெடித்துவிட்டது என்று எழுத வந்தேன். வெடிக்கவில்லை. கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு உங்களிடம் எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். பழக்கம் விட மாட்டேன் என்கிறது.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் இரண்டாம் வருடத் திதி. ஊரே திரண்டு வந்தது. சரி, பதினைந்து பேர். காலை பத்து மணிக்கும் விலகாத மூடுபனி, வாசலைத் தாண்டி உள்ளே வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நின்றது. என் தங்கை சரசு உங்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் செம்பு அவள் வலது கையிலிருந்து நழுவியது. நிமிர்ந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏதோ சொன்னாள்; கூழாக வந்தது. அன்றைக்கு உங்களுக்கு வந்த அதே முகம், மாப்பிள்ளை. உங்கள் படத்துக்குக் கீழே நீங்களே சேலை கட்டி நின்ற மாதிரி.

"முனி அறைஞ்சிருச்சுங்கோ!" என்று கத்தினான் பக்கத்து வீட்டு மாரிமுத்து. "பொன்னுசாமி அண்ணனுக்கு வழி உடுங்க! அவருதான் திருப்பி அடிச்சவரு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் சீகை மர வளைவில் முனி என் கன்னத்தில் அறைந்ததையும், நான் இரண்டு திருப்பிக் கொடுத்ததையும், அது ஓடியே போனதையும் நீங்கள் நூறு தடவை கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். நடந்தது வேறு. ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது கடைவாயில் தண்ணீர் ஒழுகியது, ஒரு கண் மூடவில்லை. யாருக்கும் சொல்லாமல் குன்னூர் போனேன். டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாதி நெற்றி அசையவே இல்லை. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையில் சரியாகும் என்றார்.

"மூளையில ரத்தக்குழாய் அடைச்சா, வாய் கோணினாலும் நெத்தி பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சுருங்கும். கை தொங்கும், பேச்சு குழறும். ஆனா நீங்களே பாத்து முடிவு பண்ணிராதீங்க. எதுவா இருந்தாலும் அந்த நிமிஷமே வந்துரணும்."

எட்டாவதுதான் படித்தேன் என்றாலும், ஒருமுறை கேட்டது எனக்கு மறக்காது. அதுதான் கொடுமை.

கேரட் கழுவும் இடத்தில் அன்றைக்குக் காலை உங்கள் வாய் கோணி, கை தொங்கியபோது, நான் உங்கள் நெற்றியைப் பார்த்தேன். 'என்னங்க மச்சான் இது?' என்று கேட்பதுபோல இரண்டு புருவத்தையும் தூக்கினீர்கள். நெற்றி முழுக்கக் கோடு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, உழுத பாத்தி மாதிரி. சுற்றி நின்றவர்கள் முனி, முனி என்றார்கள். உண்மையைச் சொன்னால் நான் முனியை அடித்த கதை அவிழ்ந்துவிடும். நான் என்ன சொன்னேன்? "பயப்படாதீங்க மாப்ள, எனக்கு வந்ததுதான் இது." உப்பு ஒத்தடம் கொடுத்துப் படுக்க வைத்தேன். மத்தியானம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது.

அதிலிருந்து சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் நெற்றியைச் சுருக்கிப் பார்க்கிறேன். எனக்கு மூன்று கோடு. சில நாள் நாலு தெரிகிறது. அந்த நாலாவது யாருடையது?

செவ்வாய்க்கிழமை வாயைத் திறந்தேன். "நான் யாரையும் அடிக்கலீங்க. முனி வரவே இல்ல. குன்னூர்ல மாத்திரை வாங்கித் தின்னேன். வழிய உடுங்க!"

"போச்சு, அண்ணனுக்கும் அறைஞ்சிருச்சு" என்றான் மாரிமுத்து.

அவளைத் தூக்கி வண்டியில் போட்டேன். முன்னால் ரோடே இல்லை, வெறும் வெள்ளை. அந்தப் பனியில் என்னைத் தவிர எவனும் ஓட்டியிருக்க முடியாது. இது மட்டும் கூட்டாத நிஜம். சீகை மர வளைவில் சரசு கதவோரம் ஒதுங்கினாள். எங்கள் இருவருக்கும் நடுவே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக் குழறிக் குழறிச் சொன்னாள்: "தள்ளி உக்காருங்க, அண்ணன் கியர் போட வேண்டாமா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கியர் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரல் நுனியில் குத்தினார்கள். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. உங்களுக்காக விரதம் இருந்தவள், சர்க்கரை மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கியிருக்கிறாள். குளுக்கோஸ் ஏற ஏற வாய் நேரானது. "இலை பாதியில கெடக்குதே" என்றாள். தலையை ஸ்கேன் எடுத்தும் அடைப்பு இல்லை.

"பக்கவாதம் மாதிரியேதான் இருக்கும். இங்க வந்து பாத்தாத்தான் எதுன்னு தெரியும்" என்றார் டாக்டரம்மா. "நல்ல வேளை, ஊட்டுல வெச்சுப் பாக்கல."

மறுநாள் சாயங்காலம் திரும்பினோம். பனி இல்லை, சர்க்கரையும் சரி. பிறகு ஏன் அவள் கதவை ஒட்டி, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டே உட்கார்ந்திருந்தாள்? பாதி வழியில் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அவருக்கு வந்தன்னைக்கும் அது முனி இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பனியே இல்லாத கண்ணாடியில் நான் வைப்பரைப் போட்டேன்.

வரும் அமாவாசையன்று, பாதியில் கிடந்த அந்த இலையை மறுபடி போடுகிறோம். அன்றைக்கு அவளுக்கும் ஊருக்கும் சொல்லிவிடுகிறேன், உங்கள் நெற்றியைப் பார்த்தேன் என்பதையும் சேர்த்து. நீங்களும் வந்து நடுவில் உட்காருங்கள். நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் புருவத்தைத் தூக்குங்கள். அந்தக் கோடுகளை எனக்குத் தெரியும்.

உங்கள் சரசுவின் அண்ணன்,
மச்சான் பொன்னுசாமி