புருவத்தால் பேசும் வீடு

சனிக்கிழமை இரவு, திருப்பதி

தூக்கம் வரவில்லை. மாலைக் கச்சேரியில் எங்கள் நால்வரையும் அறிமுகப்படுத்திய பெண், மற்ற மூவரும் இசைக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்றார். என்னைக் காட்டி, "இவங்களுக்கு அந்தப் பின்னணி எதுவும் கிடையாது" என்றார். சிரித்துவிட்டு வயலினை எடுத்தேன்.

மெதுவான பகுதியில், செல்லோ வாசிக்கும் டேவிட் தான் வாசிக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். அவர் வில் அந்தரத்தில் நின்றது. நான் புருவத்தைத் தூக்கி, முகவாயை லேசாக அசைத்தேன். அவர் வந்து சேர்ந்துகொண்டார். சபையில் யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

முடிந்ததும், நகரியிலிருந்து வந்திருந்த என் அப்பா, எங்கள் நைனா, மெல்லக் கேட்டார். "அந்தப் பெரிய வயலின்காரருக்கு நூலு அறுந்துட்ச்சா?"

"உனக்கு எப்டி நைனா தெரியும்?"

"தறி ஓடிக்கினு இருக்கசொல்ல என்னக் கூப்புடுவியே, அதே மாதிரிதான அவரப் பாத்த."

பவர்லூம் ஓடும் வீட்டில் குரல் எடுபடாது. சாப்பாடு, கோபம், அறுந்த நூல், எல்லாமே எங்களுக்குப் புருவம்தான். இதைப் போய் அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

கண் சொருகுகிறது. எங்கள் தறிக்கூடத்தில் நாங்கள் நால்வரும் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கிறோம். தறிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்று நைனா புருவத்தைத் தூக்குகிறார். நான் வில்லை எடுக்கிறேன்.