மடிப்பு மேசையில் ஓர் ஆட்டம்

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் இருமல் நின்றதா?

இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலை பழகிவிட்டது. இஸ்திரி இயந்திரத்திலிருந்து விரிப்புகள் சுடச்சுட வரும். இரண்டு முனையை நான் பிடிப்பேன், மற்ற இரண்டை எதிரே நிற்கும் சீனப் பெண்மணி பிடிப்பார். என் வயதுதான் இருக்கும். அவர் பாஷை எனக்குப் புரியாது, என் பாஷை அவருக்குப் புரியாது. நாள் முழுக்க மடித்தாலும் பேச்சு கிடையாது. அறைக்குப் போனால் நான்கு சுவர்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் மடிப்பு மேசையில் ஒரு காகிதப் பலகையை விரித்தார். சீனச் சதுரங்கமாம், மேற்பார்வையாளர் சொன்னார். காய்கள் கட்டத்துக்குள் இல்லை, கோட்டின் மேல் நிற்கின்றன. நடுவில் ஓர் ஆறு! உட்காரச் சொல்லி நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மனைவி


மார்ச் 20

என் வாயாடிக்கு,

இருமல் தேவலை. கடையில் தலை நிமிர நேரமில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடித் தேடி, கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்த ஒருவர் நேற்று வந்தார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. உன் தம்பி வந்து சரிசெய்தான், இப்போது ஒழுகுகிறது.

போன இடத்தில் ஆட்டம் என்ன வேண்டிக்கிடக்கிறது? ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறதே, டிக்கெட் எப்போது?

உன் கண்ணாடிக்கடைக்காரன்


ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

ஆட்டம் பிடிபடுகிறது. ராஜா மாளிகையை விட்டு வெளியே வரமாட்டார், உங்களைப் போல. யானை ஆற்றைத் தாண்டாது. பீரங்கி எதையாவது வெட்ட வேண்டுமென்றால் நடுவில் ஒரு காய் இருக்க வேண்டும். தினமும் தோற்கிறேன். தப்பாக வைத்தால் அக்கா (அப்படித்தான் கூப்பிடுகிறேன்) சிரிப்பதில்லை. காயை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

உங்களுக்கும் ஒரு பலகை அனுப்பியிருக்கிறேன். விதிகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பழகிக்கொண்டால் கடிதத்திலேயே ஆடலாம்.

உங்கள் மனைவி


மே 6

வாயாடிக்கு,

பொட்டலம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆசைப்பட்டார், கொடுத்துவிட்டேன். எனக்கு ஏது பொறுமை?

டிக்கெட் பற்றி ஒரு வரி இல்லை. "அக்கா வருவாங்களா, மாட்டாங்களா மாமா?" என்று உன் தம்பி குடைகிறான். என்ன சொல்லட்டும்?

உன் கண்ணாடிக்கடைக்காரன்


ஜூன் 11

அன்புள்ள உங்களுக்கு,

சீன அக்கா வேலையை விட்டுப் போய்விட்டார். மகளோடு இருக்கப் போகிறார் என்று மேற்பார்வையாளர் சொன்னார். கடைசி நாள் ஒரு காயை நகர்த்தத் தெரியாமல் வெகுநேரம் திணறினேன். மணி அடித்தது, எல்லோரும் எழுந்து போனார்கள். அவர் மட்டும் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்பதற்காக அல்ல. நீங்கள் என்னை வாயாடி என்கிறீர்கள், ஊரும் நம்புகிறது. ஆனால் நான் தொடங்கிய எந்தப் பேச்சை முடிக்க விட்டீர்கள்? "சரி சரி, விஷயத்துக்கு வா" என்பீர்கள். நான் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சம்மதித்துவிட்டேன். இங்கே சுகமாக இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எதிரே இப்போது நிற்கும் பையன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அறையில் இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். ஒரு காயை வைத்துவிட்டு, எழுந்து சுற்றிப்போய் எதிர்நாற்காலியில் உட்காருகிறேன்.

தம்பியிடம் வரமாட்டாள் என்று சொல்லிவிடுங்கள்.

பதில் எழுதத் தோன்றினால், வீட்டுச் செய்தி வேண்டாம். நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேளுங்கள். இதுவரை கேட்டதில்லை.

உங்கள் மனைவி