வரிசையில் மிதிபட்ட ஸ்கீ

லவால், மொன்றியல்
14 ஜனவரி 2025

அன்பின் அக்னெஸ்,

மடு மாதாவின் கிருபையால் நான் சுகமில்லாமல் இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. அப்படியாவது நீர் பிளேன் ஏறுவீர். ஆனால் கடிதத்தில் பொய் எழுதக்கூடாது, சுகமாகத்தான் இருக்கிறேன்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர். போன் எடுத்தால் நீர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கறி கிண்டுகிறீர். நான் என்ன சொன்னாலும் மருமகன்வரைக்கும் கேட்கிறது. கட்டின மனுசியோடு தனியாகக் கதைப்பதற்கு நான் முத்திரை வாங்க வேண்டியிருக்கிறது.

பேரனுக்கு டேகெயரில் இடம் கிடைத்துவிட்டதாம். மெலனி சொன்னாள். சந்தோஷம். இடம் கிடைத்ததும் வந்துவிடுவேன் என்றுதானே ஒக்டோபரில் கல்கரிக்குப் போனீர்? டிக்கெற்றைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அதற்குப் பதிலாக வட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. தலையில் ஹெல்மெற், இரண்டு கையிலும் கம்பு, காலில் பனியில் சறுக்குகிற நீட்டுப் பலகை, ஸ்கீ. யாரோ வெள்ளைக்காரக் கிழவி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சிரிப்பைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டேன். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் கண்டு கனகாலம்.

பதினாறு வருஷமாகப் புவாண்ட்-கிளேர் கடையின் பின்பக்கத்தில் நின்று ஊரவன் ஸ்கீயின் அடியைச் சுரண்டி, பிளாஸ்ரிக் உருக்கி விட்டு, மெழுகு தேய்க்கிறவன் நான். ஒருநாளாவது காலில் மாட்டியதில்லை. நான் திருத்தின ஸ்கீக்களை நீட்டுக்கு அடுக்கினால் கல்கரிக்கே பாதை போடலாம். அதில் நடந்துவர எனக்குப் பயம், வழுக்கும்.

படத்தை றொக்சனிடம் காட்டினேன். கடையில் பெட்டி ஏற்றுகிறானே, எங்கள் சேர்ச் பங்கு ஆள். "அண்ணை, அக்கா மலையிலை பறக்கிறா. நீங்கள் இஞ்சை இருந்து அடியைச் சுரண்டுங்கோ!" என்றான். நானும் சிரித்தேன். அவன் போனபிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரேயொரு கேள்வி. படத்தில் நீலச் சட்டையோடு நின்று உமது முழங்கையைப் பிடித்திருக்கும் மனுசன் யார்? சும்மா கேட்கிறேன்.

உமது
அருமைராசா


கல்கரி
23 ஜனவரி 2025

மெலனியின் அப்பாவுக்கு அன்போடு எழுதுவது,

டொக்டர் தந்த குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா? ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு வந்த கறிகள் முடிந்திருக்கும். றொக்சனின் மனுசியிடம் சொன்னால் சமைத்துத் தருவா, வெட்கப்படாதேயுங்கோ.

நீலச் சட்டைக்காரர் ஞானேந்திரன் அண்ணை. இங்கே பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர், மெலனிக்கு அடுத்த தெரு. மனைவி சிவமலர் அக்கா காலமாகி இரண்டு வருஷம். வயது போனவர்களுக்கென்று இங்கே மலையில் ஒரு ஸ்கீ வகுப்பு வைக்கிறார்கள். அவர்தான் தன் காரில் கூட்டிக்கொண்டு போகிறார். வகுப்பில் நாலு சீனத்துப் பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு பாதிரியார், அவர், நான். முழங்கையை அவர் பிடிக்கவில்லை; படம் எடுக்கும்போது வழுக்கி நான்தான் அவரைப் பிடித்தேன். இப்போது நிம்மதியா?

வகுப்பு மார்ச்வரை இருக்கிறது. அதுவரை நிற்கலாம் என்று யோசிக்கிறேன்.

இன்னொரு விஷயம். மெலனி நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கித் தந்த ஸ்கீயை ஒரு கல்லில் ஏற்றிவிட்டேன். அடியில் ஒரு பள்ளம். பின்னால் வால்பக்கத்திலும் அடி கொஞ்சம் கழன்று நிற்கிறது. இங்கே கடையில் ஒருவன் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, கல்லில் அடிபட்டதற்கு வொரன்ரி இல்லை என்றான். எங்கட வீட்டிலேயே டொக்டர் இருக்க நான் ஏன் அவனிடம் கெஞ்ச வேண்டும்? கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கடையிலும் அந்தக் கொம்பனிச் சாமான் விற்கிறார்கள்தானே. பார்த்துச் சொல்லுங்கோ.

அன்புடன்
அக்னெஸ்


லவால்
5 பெப்ரவரி 2025

அன்பின் அக்னெஸ்,

ஸ்கீ வந்தது. கடையில் இருக்கிற மேசையில் கவிழ்த்துப் போட்டு, லைற்றைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். அடியைப் பார்த்தால் ஆள் ஓடுகிற விதம் எனக்குத் தெரிந்துவிடும். நீர் இடதுகாலில்தான் பாரம் போடுகிறீர். வலதுபக்கம் திரும்பப் பயம். சமையலறையிலும் அப்படித்தானே, அலுமாரிக் கதவில் இடிப்பது எப்போதும் வலது தோள்.

பிறகு மேல்பக்கம் திருப்பினேன். திருப்பாமல் விட்டிருக்கலாம்.

இரண்டு வாலிலும் வெட்டுக்கள், அக்னெஸ். வேறொரு ஸ்கீயின் இரும்பு ஓரம் ஏறின வெட்டுக்கள். ஒன்றிரண்டு இல்லை. ஒருவர் உமக்குப் பின்னால் ஒட்டி, நன்றாக ஒட்டி நின்றால்தான் இப்படி விழும். ஞானேந்திரன் பஸ்ஸையும் இப்படித்தான் முன்னால் போகிறவனை முட்டிக்கொண்டு ஓட்டினவரோ? நீர் அவரை அண்ணை என்கிறீர். நல்லது. என்னையும் கலியாணத்துக்கு முதல் ஆறு மாதம் அண்ணை என்றுதான் கூப்பிட்டீர்.

நான் எட்டாம் வகுப்புக்காரன், கனக்க யோசிக்கத் தெரியாது. யோசிக்கத் தொடங்கினால் நிற்பாட்டவும் தெரியாது.

ஸ்கீயின் முடிவைச் சொல்கிறேன். பள்ளம் உள்மரம்வரை போய்விட்டது. வாலும் கல்லில் அடிபட்டே கழன்றிருக்கிறது. வொரன்ரி கிடையாது, திருத்தினாலும் நிற்காது. இதோடு விட்டுவிடும். நல்லவேளை உமது கால் முறியவில்லை. டிக்கெற்றை நான் போடட்டா? மொன்றியலிலும் பனி இருக்கிறது, ஜன்னலால் பார்க்கலாம்.

உமது
அருமைராசா


கல்கரி
17 பெப்ரவரி 2025

மெலனியின் அப்பாவுக்கு,

பார்த்துச் சொன்னதற்கு நன்றி. டிக்கெற் வேண்டாம்.

ஸ்கீ சரிவராது என்று ஞானேந்திரன் அண்ணையிடம் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் சிவமலர் அக்காவின் ஸ்கீயைக் கொண்டுவந்து தந்தார். சும்மா கிடக்கிறது, ஓடுங்கோ தங்கச்சி என்றார். கடையில் அதை என் சப்பாத்துக்கு அளவாக்கித் தந்தார்கள். அளந்து செய்ததுபோல் நிற்கிறது. இப்போது அதில்தான் ஓடுகிறேன்.

இனி அந்த வெட்டுக்களைப் பற்றி. மலை உச்சிக்குக் கம்பியில் தூக்கிக்கொண்டு போகிற கதிரைக்கு நாங்கள் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே பின்னால் நிற்கிற எல்லோரும் முன்னால் நிற்கிறவரின் ஸ்கீயை மிதிப்பார்கள். சீனத்து அக்காமார் மிதிப்பார்கள், பாதிரியார் மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்காமலே மிதிக்கும். பதினாறு வருஷம் ஸ்கீ திருத்தின நீங்கள் ஒருநாள் அந்த வரிசையில் நின்றிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டீர்கள்.

ஏன் வரவில்லை என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். சேர்ச் வாசலில் ஐஸில் நான் விழுந்த கதை நினைவிருக்கும். நான் எப்படிக் கையை விரித்தேன், எப்படி "ஐயோ யேசுவே" என்று குந்தியிருந்தேன் என்று நீங்கள் நடித்துக் காட்டாத பிறந்தநாள் வீடு இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதன்பிறகு பனிக்காலத்தில் உங்கள் கையைப் பிடிக்காமல் நான் வெளியில் இறங்கியதில்லை. நல்ல மனுசன், எவ்வளவு கவனமாகப் பிடிக்கிறார் என்று சனம் சொல்லும். ஓம், கவனமாகத்தான் பிடிப்பீர்கள். ஆட்களுக்குக் கதை சொல்லவும் நீங்கள்தான்.

இங்கே நான் விழுகிறேன். எல்லோரும் விழுகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்கு விளங்குமா தெரியவில்லை.

அக்னெஸ்


லவால்
3 மார்ச் 2025

அன்பின் அக்னெஸ்,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபத்தோடு. இரண்டாம் தரம் "அளந்து செய்ததுபோல்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாம் தரம்தான் கடைசிவரை போனேன்.

முதலில் ஒரு உண்மை. ஸ்கீயைப் பற்றி நான் எழுதினது பொய். பள்ளம் மரம்வரை போகவில்லை. பிளாஸ்ரிக் குச்சியைக் கொளுத்திச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆறவிட்டுச் சீவினால் சரி; தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலை. வால் கழன்றதும் கல்லால் இல்லை. அந்த இடத்து இரும்பில் ஒரு கீறலும் கிடையாது. கொம்பனி ஒட்டின பசை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அது அவர்களின் பிழை, வொரன்ரி உண்டு. தெரிந்துகொண்டுதான் எழுதினேன். ஸ்கீ இல்லையென்றால் நீர் வந்துவிடுவீர் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு உம்மைச் செத்துப்போன ஒரு மனுசியின் ஸ்கீயில் ஏற்றிவிட்டது. பொறாமைக்காரன் தன் கையாலேயே மற்றவனுக்குக் கதவைத் திறந்துவிடுவான் என்பதற்கு இனி என்னைக் காட்டலாம்.

பொய்யைத் தபாலில் போட்ட பிறகு மனம் கேட்கவில்லை. கழன்ற இடத்தைப் படம் எடுத்துக் கொம்பனிக்கு அனுப்பினேன். ஒப்புக்கொண்டு புதுச்சோடி ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். என் மேசைக்கு மேல் நிற்கிறது.

சனிக்கிழமை றொக்சனின் காரில் பக்கத்து மலைக்குப் போனேன். ஸ்கீ வாடகைக்கு எடுத்து அந்த வரிசையில் நின்றேன். மிதித்தார்கள். ஒரு சின்னப் பெட்டை மிதித்துவிட்டு "பார்தோன் மிசியூ" என்று மன்னிப்புக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர் என்று றொக்சனிடம் சொன்னேன். கதிரையில் ஏறும்போது விழுந்தேன். கதிரையையே நிற்பாட்டினார்கள். நூறுபேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். றொக்சன் ஞாயிறு பூசை முடிந்ததும் சேர்ச் மண்டபத்தில் அதை நடித்துக் காட்டினான். நன்றாக நடிக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உம்மைப்போல.

சேர்ச் வாசலில் நீர் விழுந்த கதையை இனி எந்த வீட்டிலும் சொல்லமாட்டேன். மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியவில்லை.

ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதேயும். அது நெஞ்சுக்குள் நல்ல சுகமாக இருக்கிறது. ஞானேந்திரனில் மட்டும் இல்லை. அந்தச் சீனத்து அக்காமாரில் பொறாமை. பாதிரியாரில் பொறாமை, அது பாவமோ தெரியாது. நீர் விழும்போது கை கொடுத்து எழுப்புகிறவர் யாரோ, அவரில்தான் பெரிய பொறாமை. அது யார் என்று மட்டும் சொல்லும். வரச்சொல்லிக் கேட்கமாட்டேன்.

அருமைராசா


கல்கரி
12 மார்ச் 2025

என் அன்பானவருக்கு,

உங்கள் கடிதத்தை மெலனிக்குக் காட்டவில்லை. மூலையில் இருந்து தனியாக வாசித்தேன்.

பொய்க்குத் தண்டனை உண்டு. வகுப்பு முடியும்வரை சிவமலர் அக்காவின் ஸ்கீயில்தான் ஓடுவேன். அதை நினைத்து நீங்கள் நன்றாக எரியுங்கோ. முடிந்ததும் துடைத்து மெழுகு பூசித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெழுகு பூச நல்ல ஆள் தேவை. ஆகவே மாதம் முடிய முதல் நீங்கள் இங்கே வாருங்கோ. பிறகு இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்குப் போவோம்.

என்னை எழுப்புகிறவர் யார் என்று கேட்டீர்கள். ஒருவரும் இல்லை. முதல்நாள் எங்களுக்கு ஓடப் பழக்கவில்லை. விழுந்தால் தானாக எழும்பத்தான் பழக்கினார்கள். ஸ்கீயைக் குறுக்கே வைத்து, கையை ஊன்றி, மெல்ல.

நீங்களும் இந்த மலையில் விழுவீர்கள். கை தரமாட்டேன். எழும்பும்வரை பக்கத்தில் நிற்பேன்.

அக்னெஸ்