ரோஸ்லின் அக்கா வீட்டின் அளவுகள்

ஜூலை 8, செவ்வாய்

மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று. காலையிலேயே நா வறட்சி. அலுவலகத்தில் ஒரு வாரம் லீவு, பழைய கட்டடங்களை அளந்து வரையும் என் பைத்தியத்துக்கு.

போர்த்துக்கேயர் காலக் கட்டடங்களில் மட்டக்களப்பு நகரில் மிஞ்சியவை: கோட்டையின் அடி (மேலே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் வேலை). பிறகு ரோஸ்லின் அக்காவின் வீடு, ஒருவேளை.

அக்கா பறங்கி ஆள், போர்த்துக்கேயர் வழி. தையல் வேலை, தனி இருப்பு. வீட்டில் பாதி ஆஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணனுடையது. முன்பக்கத்தை உடைத்துக் கடை கட்டச் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை சுவரைப் பார்க்க மேசன் வருகிறார். அதற்குள் அளந்து வரைய வேண்டும்.

முன்சுவர் தடிப்பு 2 அடி 4 அங். கடலில் எடுத்த முருகைக்கல், சுண்ணாம்பு. வாசல் வளைவு வடிவோ வடிவு.

வாங்க வேண்டியவை: பென்சில், இரவுச் சாப்பாட்டுக்குப் பாண்.

ஜூலை 10, வியாழன்

வளைவின் படங்களைக் கொழும்புப் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தேன். பதில்: ஒல்லாந்தர் காலம், அல்லது அதற்கும் பிந்தியது. போர்த்துக்கேயர் என்று எழுதாதே.

அளவு நாடாவைச் சுருட்டினேன். அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப அளக்கிறத உட்டிருவியா புள்ள?"

"இல்லக்கா."

"அப்ப தேத்தண்ணியக் குடி."

நாடாவின் மறுமுனையை அக்காவே பிடித்தார். தையல்காரி. என்னைவிட நேர்த்தி. பின்னேரம் வரைபடம் முடிந்தது.

ஜூலை 11, வெள்ளி

மேசன் ரபீக் ஏறாவூரிலிருந்து வந்தார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"உடைக்கலாம். ஆனா இப்பிடி ஒரு சுவர் திரும்பக் கட்ட என்னால ஏலா."

ரபீக் போன பிறகு அக்கா, "நீ வரைஞ்ச படத்த அண்ணனுக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

தேவாலயப் பூசை முடிந்ததும் அக்கா கோல் எடுத்து, உடனே வரச் சொன்னார். கல்லடிப் பாலம் தாண்டி ஓடினேன். அங்கே தொலைபேசியில் அக்காவின் அண்ணன். ஏச்சு விழும் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி, படம் நல்லாரிக்கி. பின்னால என்ட அறை எங்க?"

பின்பக்கத் தகரக் கூரை அறை. பிற்காலத்தது என்று நான் வரையவேயில்லை. வெட்கம்.

"இண்டைக்கே போடுறன் அண்ணன்."

"போட்டு அனுப்புங்க. அதுக்குள்ளதான் நான் படிச்சது. அந்த வீடு அப்பிடியே இரிக்கட்டும். கடை வேணாம். ரபீக்க கூரை ஓட்ட மட்டும் மாத்தச் சொல்லுங்க."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். அறை நிறையத் துணி மூட்டை. மூலை தெரியும்வரை இருவரும் தூக்கி வெளியே போட்டோம்.

எட்டடி, ஆறரை அடி. ஜன்னல் ஒன்று, வாவிப் பக்கம்.